கணக்குக் கேட்பவரும் கணக்குக் கொடுக்கட்டும்



கடல் கடந்து உழைக்கும் கணவர் மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். ஊரில் இருக்கும் மனைவி அதைக் கொண்டு குடும்பத்தை நடத்துகிறார். ஈராண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வரும் கணவர், வந்த மகிழ்ச்சி அடங்கிய இரண்டாம் வாரத்தில் மெல்லக் கேட்கிறார்: "இவ்வளவு நாளாக அனுப்பிய பணமெல்லாம் எங்கே போயிற்று?"

கேட்பவர் தீயவர் அல்லர். பதில் சொல்ல வேண்டியவரும் காசை வீணாக்கியவர் அல்லர். எனினும் அந்த ஒரு கேள்வியால் பேச்சு நின்றுபோன வீடுகள் நம் கடற்கரை ஊர்களில் எத்தனை!

என் மூத்த சகோதரியின் இல்லத்திலும் அக்கேள்வி எழுந்தது. மச்சான் பதினெட்டு ஆண்டுகளாகச் சவூதி அரேபியாவில் பணிபுரிகிறார். லாத்தா சிக்கனமானவர், ஆனால் கணக்கு எழுதும் பழக்கம் இல்லாதவர். "மருந்துக்குப் போனது, கொழுந்தன் மகள் கல்யாணத்துக்குப் போனது, பிள்ளை படிப்புக்குப் போனது" என்று விரல்களை மடக்கிக் கொண்டே வந்தார். விரல்கள் தீர்ந்தன, கணக்குத் தீரவில்லை. மச்சான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

"ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் தம்பி. ஒன்றும் பேசாமல் போனாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை" என்று லாத்தா என்னிடம் கண் கலங்கினார்.

அவர்களுடைய மகன் கல்லூரியில் கணினிப் பயன்பாடு பயின்றவன். "மாமா, வீட்டு வரவு செலவுக்கு நாமே ஓர் இணையச் செயலி செய்தால் என்ன?" என்று கேட்டான். எனக்குக் கணினி தெரியாது. நான் பட்டம் பெற்றது வரலாற்றில், பணியாற்றுவது மதரஸாவில். ஆயினும் எதை எந்தத் தலைப்பில் எழுத வேண்டும் என்று சொல்வது என் பொறுப்பு, அதைக் கணினிக்குப் புரிய வைப்பது அவன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டு அமர்ந்தோம். அந்த நான்கு மாத முயற்சியில் நாங்கள் கற்றவற்றை வாசகர்களுடன் பகிர்ந்து கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பழைய பேரேடு

வீட்டுக் கணக்கு எழுதுவது கஞ்சத்தனம் என்று எண்ணுவோர் உளர். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல் குவாரிஸ்மி, இயற்கணிதம் பற்றிய தமது நூலில் வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளுக்கும் வணிகக் கணக்குகளுக்கும் இடம் கொடுத்தார். மக்களிடையே எழும் அன்றாடக் கணக்குகளைத் தீர்ப்பதும் அக்கலையின் நோக்கமாக இருந்தது. இன்று கணினி அறிஞர்கள் நாவில் புழங்கும் 'அல்காரிதம்' என்னும் சொல் அவருடைய பெயரின் லத்தீன் உருவிலிருந்தே பிறந்தது. 1494-இல் லூக்கா பசியோலி என்னும் இத்தாலியத் துறவி வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலில், அவ்வூர் வணிகர்கள் ஏற்கெனவே கையாண்டு வந்த இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கினார். 1904-இல் ஜப்பானியப் பெண் பத்திரிகையாளர் ஹனி மோட்டோகோ, இல்லத்தரசிகளுக்கென்றே 'ககேபோ' எனப்படும் வீட்டுக் கணக்கேட்டை வெளியிட்டார். அம்முறை இன்றும் பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல் பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறியதாயினும் பெரியதாயினும் எழுதுவதற்குச் சோம்பக் கூடாது என்பது அதில் அடங்கிய அறிவுரை. அந்த வசனத்தை நாம் அழகாக ஓதுகிறோம். எழுதுகிறோமா?

இணையச் செயலி என்பது யாது?

கைபேசியில் தனியே பதிவிறக்கி நிறுவாமல், பிரௌசரில் ஒரு முகவரியைத் திறந்தவுடன் இயங்குவதே இணையச் செயலி. ஊரில் இருக்கும் லாத்தாவும் சவூதியில் இருக்கும் மச்சானும் ஒரே ஏட்டைத் திறந்து பார்க்க இதுவே எளிய வழி என்று தீர்மானித்தோம்.

இதற்கு மூன்று பகுதிகள் தேவை. முதலாவது, நாம் எழுதும் படிவம்: தேதி, தொகை, தலைப்பு, குறிப்பு ஆகிய நான்கு கட்டங்கள். இரண்டாவது, வந்ததைச் சரிபார்த்து உரிய இடத்தில் சேர்க்கும் நடுவர். இதனை மருமகன் பைத்தான் மொழியில், ஃபிளாஸ்க் என்னும் சட்டகத்தைக் கொண்டு எழுதினான். மூன்றாவது, எழுதியவை தங்கும் தரவுத்தளம். 2000-இல் வெளியான எஸ்க்யூலைட் என்னும் இலவச மென்பொருளை அதற்குப் பயன்படுத்தினான். மொத்தக் கணக்கும் ஒரே கோப்பில் அடங்கிவிடுவதால் அதைப் படியெடுத்துப் பத்திரப்படுத்துவது எளிது. கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காமல், மீண்டும் பிரித்தறிய இயலாத வேறோர் உருவாக மாற்றியே சேமித்தான். வங்கியின் ரகசிய எண்ணையோ, கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணையோ கேட்கும் கட்டமே அதில் இருக்கக் கூடாது என்பது நாங்கள் முதலிலேயே வகுத்துக்கொண்ட விதி.

பைசாவில் பிறந்த பாடம்

முதல் வாரத்திலேயே ஒரு வியப்புக் காத்திருந்தது. கணினியிடம் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டச் சொன்னான் மருமகன். 0.30000000000000004 என்று விடை வந்தது! "கணினியும் பொய் சொல்லுமா?" என்று கேட்டேன்.

"பொய் இல்லை மாமா. ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333 என்று முடிவின்றிப் போகிறதல்லவா? கணினி எண்களை இரண்டின் அடிப்படையில் வைத்துக்கொள்கிறது. அந்த முறையில் பத்தில் ஒன்று முடிவின்றிப் போகும். எங்கேயோ வெட்டியாக வேண்டும்" என்றான்.

இத்தகைய சிறு பிசகுகள் ஆயிரம் பதிவுகளில் சேர்ந்தால் கணக்கு உதைக்கும். ஆகவே தொகையை ரூபாயாக எழுதாமல், பைசாவாக மாற்றி முழு எண்ணாகவே சேமித்தோம். 125 ரூபாய் 50 பைசா என்பது உள்ளே 12,550 என்று இருக்கும். திரையில் காட்டும்போது மட்டும் ரூபாயாக மாறும். லட்சம், கோடி என்னும் நம் முறையில் காற்புள்ளியும் விழும். பைசாவை இன்று நாம் மதிப்பதில்லை. ஆனால் கணக்கின் நேர்மை அங்கேதான் தொடங்குகிறது.

வரவல்லாத வரவு, செலவல்லாத செலவு

இனி என் பங்கு வந்தது. வீட்டுக்குள் வரும் பணமெல்லாம் வரவாகுமா? வெளியே போகும் பணமெல்லாம் செலவாகுமா?

ஏடிஎம்மில் ஐயாயிரம் எடுத்தால் அது செலவன்று. வங்கியிலிருந்து கைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. இதைச் செலவென்று எழுதி, பிறகு அதே பணத்தில் வாங்கிய மளிகையையும் செலவென்று எழுதினால் ஒரே ரூபாய் இருமுறை செலவாகும். பக்கத்து வீட்டுப் பெண்மணி பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்த பத்தாயிரம் வரவன்று, அது அமானத். கைமாற்றாக வாங்கியதும் வரவன்று, தலைமேல் ஏறிய சுமை. கைமாற்றாகக் கொடுத்ததும் செலவன்று, திரும்பி வர வேண்டிய சொத்து. சீட்டுக்குக் கட்டும் தவணையோ சேமிப்பு.

ஆகவே வரவு, செலவு, இடமாற்றம், கொடுத்த கடன், வாங்கிய கடன், அமானத் என ஆறு வகைகளை வைத்தோம். கொடுத்த கடனுக்கு ஆள் பெயரும், திருப்பித் தருவதாகச் சொன்ன நாளும் எழுதினாலன்றிப் பதிவு ஏறாதபடி மருமகன் அமைத்தான்.

இந்தப் பிரிவுகளை விளக்கிக்கொண்டிருந்தபோது லாத்தா திடீரென்று மௌனமானார். பிறகு ஒரு பழைய நாட்குறிப்பின் பின்னட்டையிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். அதில் எட்டுப் பெயர்கள். மகப்பேற்றுச் செலவுக்கென்று வந்தவர், பள்ளிக் கட்டணத்துக்கென்று வந்தவர், கடை வைக்கவென்று வந்தவர். "வெளிநாட்டுக்காரர் வீடு என்று வந்து நிற்கிறார்கள். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. அவரிடம் சொல்லவும் பயம்" என்றார். கூட்டிப் பார்த்தோம். மச்சான் கேட்ட கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்தத் தாளில் இருந்தது!

அழிக்க முடியாத பக்கம்

நம் முன்னோர் கணக்கேட்டில் பிழை நேர்ந்தால் சுரண்டி அழிக்க மாட்டார்கள். ஒரு கோடு இழுத்துவிட்டு, அடுத்த வரியில் சரியானதை எழுதுவார்கள். பிழையும் தெரியும்; திருத்தமும் தெரியும். கணினியிலோ அழிப்பதற்கு ஒரு பொத்தான் போதும், தடயமே இருக்காது. எனவே எங்கள் செயலியில் அழிக்கும் பொத்தானையே வைக்கவில்லை. தவறான பதிவை ரத்துச் செய்து புதிதாக எழுதலாம். பழையது மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். யார் எழுதினார், எப்போது எழுதினார் என்பதும் உடன் நிற்கும்.

இரவில் பெட்டியில் உள்ள ரொக்கத்தை எண்ணி, செயலி காட்டும் கையிருப்புடன் ஒப்பிட வேண்டும். முப்பது ரூபாய் குறைகிறதா? "காய்கறி" என்று பொய்யாக எழுதிச் சரிக்கட்டக் கூடாது. "தெரியாத வித்தியாசம்" என்று ஒரு தலைப்பு உண்டு. அங்கே எழுத வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் உண்மையே அன்றோ? 2016-இல் யூபிஐ வந்த பிறகு, பணம் கையைத் தொடாமலே போய்விடுகிறது. தேநீருக்கும் ரீசார்ஜுக்கும் போகும் சில்லறை நினைவில் தங்குவதில்லை. அன்றன்றே எழுதாவிட்டால் அந்தத் தலைப்பு வீங்கிக்கொண்டே போகும்.

லாத்தாவின் ஆட்சேபணை

செயலி ஆயத்தமானது. லாத்தாவிடம் கொடுத்தோம். அவர் கைபேசியைக் கையிலெடுத்தார்; பார்த்தார்; திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நான் வாங்கும் ஒவ்வொரு முழம் பூவையும் உன் மச்சான் அங்கே உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருப்பார், அப்படித்தானே? நான் இந்த வீட்டுக்காரியா, கணக்குப்பிள்ளையா? அவர் அங்கே என்ன செலவு செய்கிறார் என்று நான் என்றாவது கேட்டிருக்கிறேனா?"

நாங்கள் இருவரும் வாயடைத்து நின்றோம். பைசாவுக்கு வழி கண்டோம். பிழைக்கு வழி கண்டோம். ஆனால் இந்த ஏடு யாரைப் பார்த்து யார் எழுதுவது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஒருவர் எழுத, மற்றவர் பார்ப்பதென்றால் அதற்குப் பெயர் கணக்கன்று, வேவு. கணக்கு என்பது சான்று. சான்று இரு தரப்புக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும்.

செயலியை மாற்றினோம். முதலாவதாக, மச்சானும் தம் ஊதியத்தையும் தம் செலவையும் அதே ஏட்டில் எழுத வேண்டும். இரண்டாவதாக, "சொந்தக் கை" என்று ஒரு தலைப்பு. மாதந்தோறும் இருவருக்கும் சமமான ஒரு சிறு தொகை. அதற்குள் எதற்குச் செலவாயிற்று என்று எவரும் எவரையும் கேட்கக் கூடாது. மூன்றாவதாக, முன்பு கொடுத்த எட்டுக் கடன்களையும் தொடக்க இருப்பாக எழுதுவது. அவற்றைப் பற்றி மச்சான் கடிந்து பேசுவதில்லை என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பது. நான் தொலைபேசியில் இவற்றைச் சொன்னபோது மச்சான் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி மச்சான், நானும் எழுதுகிறேன்" என்றார்.

நள்ளிரவும் ரியாலும்

இரு நாட்டிலிருந்து எழுதத் தொடங்கியதும் புதிய சிக்கல்கள் முளைத்தன. சவூதியை விட நம் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே மாதக் கடைசி நாளின் இரவு 10.30 மணிக்கு மச்சான் எழுதினால், இங்கே அடுத்த மாதம் பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவர் கணக்கில் இந்த மாதச் செலவு, செயலியின் கணக்கில் அடுத்த மாதச் செலவு! எனவே பதிவு ஏறிய நேரத்தைத் தனியாகவும், செலவு நிகழ்ந்த தேதியை எழுதுபவர் கையாலேயே தனியாகவும் குறிக்கும்படி செய்தோம்.

அடுத்தது நாணயம். ரியாலின் மதிப்பு 1986-லிருந்து ஒரு டாலருக்கு 3.75 என்று நிலையாக இருக்கிறது. ரூபாயோ டாலருக்கு எதிராக ஏறியிறங்கும். ஆகவே ஒரே ரியால் தொகை மாதத்துக்கு மாதம் வேறு ரூபாயாக வந்து சேர்கிறது. இன்றைய விகிதத்தைக் கொண்டு சென்ற ஆண்டுப் பணத்தைக் கணக்கிட்டால் இல்லாத குறை தெரியும். அனுப்பிய ரியால், அன்றைய விகிதம், அனுப்புக் கட்டணம், வந்து சேர்ந்த ரூபாய் ஆகிய நான்கையும் அன்றே எழுதி நிறுத்திவிட வேண்டும். "குறைந்து வந்திருக்கிறதே" என்று லாத்தாவும், "கூடத்தானே அனுப்பினேன்" என்று மச்சானும் முன்பு பலமுறை மனம் கசந்ததற்குக் காரணம் இந்த விகிதமே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

ஏடு திறந்தபோது

முதல் மாதம் முடிந்தது. இருவர் கணக்கையும் மருமகன் ஒரே திரையில் போட்டான். லாத்தா நெடுநேரம் உற்றுப் பார்த்தார். மச்சானின் பக்கத்தில் அறை வாடகைப் பங்கு, உணவு, தொலைபேசி ஆகியவற்றுக்குக் கீழே ஒரு வரி: வாங்கிய கடன். உடன் தங்கியிருக்கும் நண்பரிடம் வாங்கியது. அதற்கு முந்திய தொடக்க இருப்பிலும் அதே பெயரில் கடன்.

விசாரித்தோம். ஈராண்டுக்கு முன் நிறுவனத்தில் மேல்நேர வேலை நின்றுபோயிருக்கிறது. ஊதியம் குறைந்ததைச் சொன்னால் வீட்டில் கலங்குவார்கள் என்று எண்ணி, கைமாற்று வாங்கி வழக்கமான தொகையையே அனுப்பி வந்திருக்கிறார். அந்தப் பணம்தான் இங்கே, "வெளிநாட்டுக்காரர் வீடு" என்று வந்து நின்றவர்களுக்குக் கைமாற்றாகப் போயிருக்கிறது! அவர் அங்கே வாங்கினார். இவர் இங்கே கொடுத்தார். இருவரும் மற்றவரின் மனம் நோகக் கூடாது என்றே மறைத்தார்கள். மறைத்ததால்தான் நோவு பெருகியது.

லாத்தா அன்றிரவே மச்சானுடன் பேசினார். என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை. மறுநாள் செயலியில் வரவேண்டிய தொகைக் கணிப்பை லாத்தாவே குறைத்து எழுதியிருந்தார். எட்டுப் பெயர்களில் மூவர், நாளும் தொகையும் எழுதியிருப்பதைக் காட்டியவுடன் மறுக்காமல் தவணை முறையில் திருப்பித் தரத் தொடங்கினர். இருவரால் இயலாது, அதை மன்னித்துவிடலாம் என்று கணவனும் மனைவியும் கூடிப் பேசி எழுதிக்கொண்டார்கள். மீதி மூவரிடம் இன்னும் கேட்க வேண்டும்.

ஜகாத்தின் நாள்

இதில் எனக்குக் கிடைத்த மற்றொரு பயனையும் சொல்ல வேண்டும். ஜகாத்தைப் பலர் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டை வைத்தே கணக்கிடுகின்றனர். நம்முடைய பிறையாண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்கள். சூரிய ஆண்டை விடப் பதினொரு நாட்கள் குறைவு. 33 சூரிய ஆண்டுகள் கழியும்போது 34 பிறையாண்டுகள் கழிந்திருக்கும். நாற்பதில் ஒரு பங்கு என்னும் கணக்கைச் சரியாகப் போட்டவரும், ஆண்டைத் தவறாக எண்ணினால் வாழ்நாளில் ஓர் ஆண்டு ஜகாத்தைத் தவறவிடுவார். ஆகவே செயலியில் பிறைத் தேதி ஒன்றைக் குறித்து வைத்தோம். அந்நாள் வந்ததும் ரொக்கம், வங்கி இருப்பு, நகை, கொடுத்த கடன், வாங்கிய கடன் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும். அமானத்தை ஒதுக்கிவிடும், அது நமதன்று. எந்தக் கடனைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்பதை மட்டும் செயலி தீர்மானிக்காது. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

வாசகர்களுக்கு

செயலி செய்ய வீட்டில் ஒரு மருமகன் இல்லையே என்று எவரும் ஏங்க வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். விதிகள் ஒன்றே: அன்றன்றே எழுதுங்கள். கடனை வரவென்றோ செலவென்றோ எழுதாதீர்கள். பிழையை அழிக்காமல் திருத்துங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். படியெடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் அனுப்பும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் கணக்குக் கேட்கும் முன் உங்கள் கணக்கை எடுத்து வையுங்கள். உங்கள் ஊதியம் குறைந்திருந்தால் சொல்லுங்கள். உங்கள் துணைவியார் நீங்கள் எண்ணுவதைவிட வலிமையானவர். வீட்டை நடத்தும் சகோதரிகளே! இரக்கத்தால் கொடுத்ததை அச்சத்தால் மறைக்காதீர்கள். எழுதி வைத்த கடன் திரும்பி வர வழியுண்டு. எழுதாத கடன் பணத்தோடு உறவையும் கொண்டு போய்விடும்.

மச்சான் அடுத்த விடுமுறைக்கு இன்ஷா அல்லாஹ் ரமலானுக்கு முன் வருகிறார். இம்முறை இரண்டாம் வாரத்துக் கேள்விக்கு வேலையில்லை. சென்ற வெள்ளியன்று லாத்தா என்னிடம் கைபேசியை நீட்டிச் சிரித்தார். மச்சான் பக்கத்தில் "சொந்தக் கை" என்னும் தலைப்பில் ஒரு தொகை. "எதற்கென்று கேட்கக் கூடாதாமே! விதி போட்டதே நான்தான். ஆனாலும் எனக்குத்தான் ஏதோ வாங்கியிருக்கிறார் தம்பி" என்றார்.